கண்ணாடிக்குள் ஃபிட்டோனியா: நெல்லைப் பக்கத்து வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில கண்ணாடிப் பரணிகள் இருக்கின்றன. உள்ளே ஃபிட்டோனியா. வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், தண்டு வாங்கிப் போகிறார்கள். பிறகு போனில் கேட்கிறார்கள். தென்காசியிலிருந்து கேட்டாலும் வள்ளியூரிலிருந்து கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன செடிக்கா? இலையில இந்தக் கோடு தானா வந்ததா, யாரும் வரைஞ்சதா?

தானாக வந்ததுதான். ஃபிட்டோனியா என்பது பெரு, கொலம்பியா, ஈக்வடார் பக்கத்து மழைக்காடுகளில் மரத்தடியில் தரையோடு படர்கிற செடி. பச்சை இலையில் நரம்புகள் மட்டும் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ அடர் சிவப்பாகவோ ஓடும். நர்சரியில் 'நெர்வ் பிளான்ட்' என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாது, பக்கவாட்டில்தான் பரவும். தாவரவியல் பற்றி எழுதிய ஃபிட்டன் சகோதரிகள், எலிசபெத், சாரா மேரி என்ற இருவரின் நினைவாக வைத்த பெயர் இது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இது கனகாம்பரத்தின் குடும்பம். ஆடாதோடையும் நிலவேம்பும்கூட அதே குடும்பம்தான். எங்கேயோ இருந்து வந்த செடிக்கு நம் ஊரில் இத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் கனகாம்பரம் தாங்குகிற வெயிலில் பாதிகூட இது தாங்காது. காய்ந்த காற்றும் ஆகாது, அதனால்தான் கண்ணாடி.

கண்ணாடிக்குள்ள போட்டு மூடி வச்சா மூச்சு முட்டிச் செத்துராதா?

சாகாது. பகலில் வெளிச்சம் இருக்கும்போது இலை கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்ஸிஜனை விடுகிறது. இரவும் பகலும் செடியும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் ஆக்ஸிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன. இரண்டும் உள்ளேயே சுற்றி வருகின்றன. தண்ணீரும் அப்படித்தான். வேர் உறிஞ்சியது இலை வழியே ஆவியாகி, கண்ணாடியில் துளியாகி, வழிந்து மண்ணுக்கே திரும்பும்.

இதை முதலில் கவனித்தவர் லண்டனில் இருந்த வார்டு என்ற மருத்துவர். 1829-ல் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவைப் பாட்டிலுக்குள் ஈரமண்ணில் வைத்து மூடியிருந்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர், அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்ததைப் பார்த்தார். அதிலிருந்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பிறகு கப்பல் கப்பலாகச் செடிகள் கடல் கடந்தன. சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் அந்தப் பெட்டிகளில்தான்.

நம்ம ஊரு வெயிலுக்கு இது தாங்குமா? ஏசி இருந்தாத்தான் வருமா?

ஏசி இல்லாமல் வளர்க்கலாம். ஆனால் இங்கே இந்தச் செடியைக் கொல்வது தண்ணீர்க் குறைவு அல்ல, சூடுதான். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஃபிட்டோனியாவுக்குச் சுகமான வெப்பம் 18 முதல் 27 டிகிரி வரை. 30, 32 வரை சமாளிக்கும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெளியே 38, 40 என்று போகும். வீட்டுக்குள் அத்தனை இருக்காது என்றாலும் இடத்துக்கு இடம் மாறும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் கான்கிரீட் இரவிலும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், அங்கே வைக்கவே வேண்டாம். கீழ்த்தளத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வைப்பது உத்தமம். பழைய ஓட்டு வீடு, கனத்த சுவர், சிவப்புத் தரை இருந்தால் கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

நேர் வெயில் மட்டும் படவே கூடாது. மூடிய கண்ணாடியில் காலை பத்து மணி வெயில் கொஞ்ச நேரம் விழுந்தாலே போதும், உள்ளே இட்லிக் கொப்பரைதான். மாலையில் இலைகள் வெந்து கறுத்திருக்கும். மேற்கு ஜன்னல் இதில் படுமோசம், வருஷத்தில் சூரியன் நகரும்போது நேற்று வரை நிழலாக இருந்த இடத்திலும் வெயில் எட்டிப்பார்க்கும். மாதம் ஒரு முறை நாள் முழுக்க அந்த இடத்தைக் கவனியுங்கள்.

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்துக்காரர்களுக்கு ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் இருப்பதால் அந்த மாதங்கள் செடிக்குக் கொண்டாட்டம். அதே மாதங்களில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காய்ந்த காற்று சுழற்றி அடிக்கும். தொட்டியில் திறந்து வைத்த ஃபிட்டோனியா அந்தக் காற்றில் இரண்டு நாளில் ஓரம் கருகிவிடும். கண்ணாடிக்குள் இருப்பதற்கு அந்தக் காற்று தெரியவே தெரியாது. நம் மாவட்டத்துக்கு டெரேரியம் (இப்படிக் கண்ணாடிக்குள் செடி வளர்ப்பதற்குப் பெயர் அதுதான்) அலங்காரம் மட்டுமல்ல, தேவையும் கூட என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த மாசத்துல ஆரம்பிக்கலாம்?

புரட்டாசி கடைசி அல்லது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கி வெக்கை அடங்கியிருக்கும், வேர் பிடிக்க நான்கைந்து மாதம் கிடைக்கும். பங்குனிக்கு மேல் ஆசையாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் வெளியூரில் நிழல்வலைக்குள் வளர்ந்தவை. பயணக் களைப்பில் வந்ததை உடனே கோடையில் தள்ளக் கூடாது.

எந்தப் பாட்டில் நல்லது? பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதுமா?

ஒரு சின்னத் தண்டுக்குப் போதும். ஆனால் கை உள்ளே போகாது, சுத்தம் செய்யவும் கிள்ளிவிடவும் சிரமப்படுவீர்கள். பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அகல வாய்க் கண்ணாடிப் பரணி, அதுதான் என் தேர்வு. ஓட்டை உடைசல் இல்லாத பழைய மீன் தொட்டியும் அருமை, மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து மூடிவிடலாம்.

நிறக் கண்ணாடி வேண்டாம், வெளிச்சம் குறையும். ஊறுகாய் இருந்த பாட்டில் என்றால் எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, இரண்டு நாள் காயவிடுங்கள். கம்பிச் சட்டம் போட்டு வைர வடிவில் விற்பவை பார்க்க அழகு, ஆனால் இடுக்குகளில் ஈரம் கசியும். அதற்குக் கூடுதலாகத் தண்ணீர் தேவைப்படும்.

அடியில என்னென்ன போடணும்? தோட்டத்து மண்ணையே போட்டா என்ன?

தோட்டத்து மண் வேண்டாம். கரிசல் மண் கண்டிப்பாக வேண்டாம். ஈரம் பட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வேருக்குக் காற்றே போகாது.

அடியில் கழுவிய பொடி ஜல்லி, இரண்டு விரல்கடை உயரம். அதன்மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டிப் போடுங்கள், மண் கீழே இறங்காது. அப்புறம் மண் கலவை: தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, செம்மண் அரைப் பங்கு, மண்புழு உரம் ஒரு சின்னக் கைப்பிடி, கொஞ்சம் கரித்துண்டு. நான்கு விரல்கடை உயரம் இருந்தால் போதும், இதன் வேர் ஆழமாகப் போகாது.

தென்னைநார்த் தூளில் உப்பு இருக்கும். கட்டியாக வாங்கியதை வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் தெளியும் வரை மறுபடி மறுபடி அலசுங்கள். தொட்டியில் என்றால் உப்பு வடிந்து கீழே போய்விடும். இங்கே ஓட்டை கிடையாது, உள்ளே போனது உள்ளேயே இருக்கும். எம்-சாண்ட் என்றால் அந்தச் சாம்பல் நிறத் துகள் முழுவதும் போகக் கழுவ வேண்டும். கலவையைக் கைக்குள் வைத்து அழுத்தினால் உருண்டை பிடிக்கணும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் போட்டால் முதல் வாரத்துக்கு வேறு தண்ணீரே வேண்டாம்.

அடியில் ஜல்லி போட்டுவிட்டோம், இனி எவ்வளவு ஊற்றினாலும் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். ஓட்டை இல்லாத பாத்திரத்தில் ஜல்லி தண்ணீரை வெளியேற்றாது. தவறிக் கூடிப்போன கொஞ்சத் தண்ணீர் தங்க ஓர் இடம், அவ்வளவுதான்.

கரி போடலேன்னா நாறும்னு சொல்லுதாவளே, நெசமா?

நாற்றம் வருவது தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதால். கரி கொஞ்சம் உதவும், ஆனால் தேங்கிய தண்ணீரைக் கரி சரி செய்யாது. போடுவதாக இருந்தால் அடுப்புக்கரியோ சிரட்டைக்கரியோ கழுவி உடைத்துப் போடுங்கள். சாம்பலைச் சேர்க்காதீர்கள், மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும்.

எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. அதை ஊத்தலாமா?

வேண்டாம். தென்னைநார்த் தூளுக்குச் சொன்ன அதே காரணம்தான்: உப்புக்கு வெளியே போக வழியில்லை. தண்ணீர் ஆவியாகித் திரும்பி வரும், உப்பு மண்ணிலேயே தங்கும். சில மாதங்களில் இலை ஓரம் பழுப்பாகக் காயும், கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டு படியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீரை இரண்டு பாட்டில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெரேரியத்துக்கு வருஷம் முழுக்கவே அவ்வளவு செலவாகாது. முதல் மழையை விட்டுவிட்டு, மாடி கழுவிய பிறகு வருவதைப் பிடியுங்கள். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரும் நல்லது. குளோரின் வாடை அடித்தால் வாளியில் ஓர் இரவு திறந்து வைத்து மறுநாள் ஊற்றுங்கள். வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வரும் குடிதண்ணீரும் சரி.

எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி விடணும்?

நாள் கணக்கு கிடையாது. மூடி சரியாகப் பொருந்திய பரணியில் மாதக்கணக்கில்கூடத் தேவைப்படாது. திறந்த வாய்ப் பாத்திரம் என்றால் கோடையில் வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ கேட்கும்.

கண்ணாடியைப் பாருங்கள். காலையில் கண்ணாடியின் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கில் ஆவி படிந்து பத்துப் பதினோரு மணிக்குள் மறைந்தால் ஈரம் சரி. பல நாளாகத் துளியே இல்லை, மண்ணும் நிறம் வெளுத்திருக்கிறது என்றால் ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மேசைக்கரண்டி என்று ஓரமாக விட்டு, மறுநாள் பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் விடுங்கள். சொம்பைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கண்ணாடி பூரா தண்ணி கோத்துக் கிடக்கு, செடியே தெரியல. என்ன செய்ய?

நாள் முழுக்க அப்படியே இருந்தால் ஈரம் அதிகம். மூடியை மூன்று நான்கு மணி நேரம் திறந்து வைத்து, உள்பக்கத்தைப் பழைய பருத்தித் துணியால் துடைத்து, பிறகு மூடுங்கள். இரண்டு மூன்று நாள் இதைச் செய்தால் சரியாகிவிடும். அடியில் ஜல்லியில் தண்ணீர் தெரிந்தால் மெல்லிய குழாயையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ ஓரமாக இறக்கி உறிஞ்சி எடுத்துவிடலாம்.

ஏசி அறையில் வைத்தவர்களுக்கு இது வேறு விதமாக வரும். ஏசி ஓடும்போது கண்ணாடி குளிர்ந்து உள்பக்கம் ஆவி படியும், நிறுத்தியதும் மறையும். அது ஈரம் கூடியதால் வருவதல்ல. திறந்து திறந்து காய வைக்காதீர்கள்.

காலைல நல்லா இருந்துச்சு, சாயந்திரம் மொத்தமா மயங்கி விழுந்துட்டு. செத்துட்டாக்கா?

பெரும்பாலும் சாகவில்லை. ஃபிட்டோனியா தாகம் எடுத்தால் ஒட்டுமொத்தமாகத் துவண்டு படுத்துவிடும், தண்ணீர் கிடைத்ததும் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். ஆனால் துவண்டதும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

மண் காய்ந்திருந்தால் தாகம், கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் துவண்டால் ஒன்று சூடு, அல்லது வேர் அழுகல். சூடு என்றால் தண்டு பச்சையாகவும் விறைப்பாகவும் இருக்கும். குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் மறுநாள் தெளியும். அழுகல் என்றால் தண்டின் அடி கறுத்து, தொட்டால் கொழகொழவென்று நசுங்கும். அந்தச் செடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். நுனியில் நல்ல தண்டு இருந்தால் வெட்டி எடுத்து, மிச்சத்தை மண்ணோடு அள்ளிப் போட்டுவிட்டுப் புதிய கலவையில் நடுங்கள். ஈரமண்ணில் துவண்ட செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றித்தான் இந்தப் பக்கத்தில் நிறைய ஃபிட்டோனியா போகிறது.

மண்ணு மேல வெள்ளையா பஞ்சு படிஞ்சிருக்கு

புதிதாக வைத்த முதல் சில வாரங்களில் பூஞ்சை வருவது வழக்கம். கரண்டியால் வழித்து எடுத்து, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, ஒரு நாள் திறந்து வையுங்கள். இலைக்காம்பில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் அது பூஞ்சை இல்லை, மாவுப்பூச்சி. பஞ்சில் சானிடைசர் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும். மண்ணில் கடுகைவிடச் சிறிதாக வெள்ளைப் பூச்சிகள் துள்ளினால் விட்டுவிடுங்கள், அவை பூஞ்சையையும் மக்கியதையும் தின்று உங்களுக்கு உதவுகின்றன.

உள்ள தண்ணி நிக்குதே, டெங்கு கொசு முட்டை போடாதா?

நியாயமான கேள்வி, மழைக்காலத்தில் எல்லோரும் கேட்க வேண்டியதும்கூட. ஏடிஸ் கொசு முட்டையிடத் திறந்த தண்ணீர்ப் பரப்பும் அதற்கு வர வழியும் வேண்டும். மூடிய பரணியில் இரண்டும் இல்லை. மூடி இல்லாத பாத்திரத்திலும் தண்ணீர் ஜல்லிக்குள், மண்ணுக்கு அடியில்தான் இருக்கும். மண்ணுக்கு மேல் குட்டை கட்டி நிற்கும்படி ஊற்றினால்தான் ஆபத்து, அப்படி ஊற்றினால் செடியும் போய்விடும்.

நிறம் வெளுத்து, தண்டு மட்டும் நீளமா போகுது. உரம் வைக்கவா?

உரம் இல்லை, வெளிச்சம். நேர் வெயில் கூடாது என்று சொன்னதை வைத்து இருட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் வேண்டும். சிவப்பு நரம்பு வகைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அப்படி இடமே வீட்டில் இல்லை என்றால் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கை ஒன்று ஒன்றரை அடி மேலே தொங்கவிட்டு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். எல்இடி அதிகம் சூடாகாது, பழைய குண்டு பல்பு சுடும்.

உரத்தைப் பொறுத்தவரை, கலவையில் போட்ட அந்தக் கைப்பிடி மண்புழு உரம் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். உரம் வைத்தால் வளரும், வளர்ந்தால் பாட்டில் போதாது.

பூ வந்திருக்கு! விடலாமா?

நுனியில் பச்சையாகக் கதிர் வந்து சின்னதாக வெளிறிய பூ பூக்கும். கனகாம்பரத்தின் சொந்தம் என்றாலும் நிறத்தில் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நான் கிள்ளிவிடுவேன், இலைக்கு வலு சேரும். மூடிய கண்ணாடிக்குள் வாடிய பூ அழுகவும் செய்யும்.

கிள்ளும் பழக்கம் பொதுவாகவே நல்லது. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வெடித்துச் செடி அடர்த்தியாகும். கிள்ளிய தண்டில் இரண்டு கணு இருந்தால், ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி அங்கேயே நட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும்.

கூட வேற என்ன செடி வைக்கலாம்? துளசி? கற்றாழை?

இரண்டும் வேண்டாம். துளசிக்கு வெயிலும் காற்றும் வேண்டும், கற்றாழைக்கு வறட்சி வேண்டும். மணிபிளான்ட் இரண்டே மாதத்தில் பாட்டிலை நிரப்பிவிடும். நிழலும் ஈரமும் கேட்கிற சின்னச் செடிகளே தோது: பெப்பரோமியா, செலாஜினெல்லா, குட்டிப் பெரணிகள். அசாம் பக்கத்திலிருந்து வந்த ரெக்ஸ் பிகோனியா கண்ணைப் பறிக்கும், ஆனால் இலையில் தண்ணீர் தங்கினால் அழுகும், பெரிதாகவும் வளரும். மீன் தொட்டி அளவு இடம் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

பிள்ளையோ பூனையோ இலையைக் கடிச்சா விஷமா?

ஃபிட்டோனியா விஷச்செடி இல்லை. கண்ணாடி உடைவதுதான் கவலை, எட்டாத உயரத்தில் அசையாத இடமாகப் பாருங்கள்.

மாஞ்சோலை, பாபநாசம் போறப்ப பாறையில நல்ல பாசி, பெரணி இருக்கு. கொஞ்சம் பேத்துட்டு வந்தா என்ன?

தயவுசெய்து வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து செடி கொடி எதையும் அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கையளவு பாசி பாறையில் பரவப் பல வருஷம் ஆகும், அந்த ஈரத்தை நம்பி எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. நம் ஆற்றுக்குத் தண்ணீர் வருவதும் அந்தக் காட்டிலிருந்துதான். மாஞ்சோலை மாதிரி உயரத்துக் குளிரில் வளர்ந்ததைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தால் ஒரு கோடையைக்கூடப் பார்க்காது.

மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலும் கிணற்று விளிம்பிலும் பாசி வரும். அதைத் தோசைக்கரண்டியால் பெயர்த்து, அலசி வையுங்கள். பாதி பிடிக்கும், பாதி போகும். பிடித்தது நம் சூட்டுக்குப் பழகியது, நிலைக்கும்.

ஒரு மாசம் ஊருக்குப் போறோம். யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லணுமா?

மூடிய பரணி என்றால் யாரும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஈரத்தைச் சரிபார்த்து, வெயில் எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஜன்னல்களை எல்லாம் அடைத்து வீட்டை இருட்டாக்கிவிடாதீர்கள், ஒரு திரைச்சீலை வழியே வெளிச்சம் வரட்டும். பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தால் அன்பில் தினமும் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள்.

எல்லாம் சரியாத்தான் செய்யுதேன். ஆனா ஒவ்வொரு வருஷமும் கத்திரி வெயில்ல போயிருது. வேற வழியே இல்லையா?

இருக்கிறது. பங்குனியிலேயே செடியைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். இலை நெருக்கம் குறைந்தால் ஈரமும் அழுகலும் குறையும். பரணியை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில், வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள். சூடு மேலே ஏறும், கூரைப் பக்கத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் கையில் தெரியும். பகல் உச்சியில் பரணியின் அடிப்பாதியைச் சுற்றி நனைத்த பருத்தித் துணியைக் கட்டி, மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் இன்னும் குறையும். காய்ந்த வெக்கையில்தான் இது வேலை செய்யும். கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இருக்காது. இந்த மாதங்களில் உள்ளே ஈரத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள், சூடும் சேறும் சேர்ந்தால் வேர் தாங்காது.

வெட்டிய தண்டுகளைத் தூக்கிப் போடாமல் இரண்டு மூன்று சின்னப் பாட்டில்களில் நட்டு, வேறு வேறு வீடுகளில் கொடுத்து வையுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சொந்தம் இருந்தால் ஒன்று கட்டாயம் அங்கே போகட்டும். வைகாசியில் உங்களுடையது போனாலும், ஆனியில் சாரல் விழுந்ததும் அங்கிருந்து ஒரு தண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.